வாடகை குறைவு, செலவு அதிகம்

வேறு மாநிலத்துக்கு மாறிப் போகிறோம், குடும்பத்தோடு இருக்க நல்ல ஏரியாவாகவும் கையைக் கடிக்காததாகவும் எப்படிப் பிடிப்பது என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கொரு பதில் எழுதுவதைவிட இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

நாங்கள் மாறியபோது நான் செய்தது சுத்த மடத்தனம். இணையத்தில் படங்களைப் பார்த்து, வாடகையை வரிசைப்படுத்தி, இருப்பதிலேயே குறைந்ததைப் பிடித்தேன். வீட்டைக் குறை சொல்ல முடியாது. பெரிய ஹால், நல்ல வெளிச்சம். ஆனால் ஆபீஸ் போக ஒரு மணி நேரம், திரும்ப ஒன்றேகால். பள்ளிக்கூடமோ எதிர்த்திசையில். இரண்டாவது மாதமே இன்னொரு வண்டி வாங்கினோம். அதன் தவணை, பெட்ரோல், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அதிகம் என்று நான் ஒதுக்கிய வீட்டின் வாடகையே தேவலை. பையன் காலைச் சாப்பாட்டை முடித்ததும் ஷூ லேஸ் கட்டியதும் காரின் பின் சீட்டில்தான்.

சிகாகோவில் சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்று ஒரு அமைப்பு இருக்கிறது. வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை மாதிரி குடியிருக்கும் செலவு இருந்தால் போதும் என்ற பழைய கணக்கை அவர்கள் ஏற்பதில்லை. போக்குவரத்தையும் சேர்த்து 45 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் வீடு முதல் கணக்கில் பாஸ், இரண்டாவதில் ஃபெயில்.

அப்புறம், பிள்ளைகளின் வயது. 1994-ல் அமெரிக்க அரசு ஐந்து நகரங்களில் ஒரு சோதனையைத் தொடங்கியது. ஏழ்மையான குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். பொருளாதார நிபுணர் ராஜ் செட்டியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் பல வருடம் கழித்து வருமானத்தை ஆராய்ந்தார்கள். 13 வயதுக்கு முன்பே அப்படி மாறிய பிள்ளைகள், குலுக்கலில் உதவி கிடைக்காத குடும்பங்களின் பிள்ளைகளைவிட இருபதுகளின் நடுவில் சுமார் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதைவிடப் பெரிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் நிலைமை வேறுதான், இருந்தாலும் நான் எடுத்துக்கொண்டது இது: பிள்ளை சின்னதாக இருந்தால் நல்ல சுற்றுப்புறத்துக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். பதினைந்து வயதுப் பெண் இருந்தால் முதலில் அவளிடம் கேளுங்கள். அவள் விட்டுவிட்டு வரும் சிநேகிதிகளுக்கு எந்தப் பூங்காவும் ஈடாகாது.

சொந்த வீடு வாங்குவதை ஒரு வருடமாவது தள்ளிப் போடுங்கள். இதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

வீடு காட்டுபவர்கள் பெரும்பாலும் விடுமுறை நாளில், பகல் பதினோரு மணிக்குக் கூட்டிப் போவார்கள். அந்த நேரத்தில் எந்தத் தெருவும் அழகுதான். இரண்டாவது முறை வீடு தேடியபோது நான் வேலைநாளில், சாயங்காலம் ஐந்து மணிக்குத் தனியாகப் போய் ஒரு தெருமுனை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை தனியாக சைக்கிளில் வந்தாள். செயின் கழன்றுவிட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கி வந்து மாட்டிவிட்டு, கையில் ஒட்டிய கறுப்பு மசியை அவள் மூக்கில் ஒரு பொட்டாக வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் தெருவில் எங்களுக்குக் கிடைத்த வீட்டில் ஒரு அறை குறைவு. பெரிய சோபாவை விற்றுவிட்டுக் குடிபோனோம்.