லிப்ரே ஆபீஸில் பழைய மெனு நீக்கப்படுகிறதா? உண்மை விளக்கம்

இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸ் பற்றி, "லிப்ரே ஆபீஸின் அடுத்த பதிப்பு முழுக்க எம்எஸ் ஆபீஸ் மாதிரி மாறுகிறது, பழைய மெனு இனி கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படத்துடன் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

படத்தில் இருப்பது டேப்டு என்ற தோற்றம், அதாவது கருவிகள் மேலே டேப்களாகப் பிரிந்திருக்கும் வடிவம். 2017-இல் வந்த 5.3 பதிப்பில் சோதனை அம்சமாக நுழைந்து, 2019-இல் 6.2-இல் முழு அம்சமானது. அன்றும் இன்றும் இது விருப்பத் தேர்வுதான். வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் என்பதைத் திறந்து, ஸ்டாண்டர்டு டூல்பார் என்பதைத் தேர்ந்தெடுத்து, 'அப்ளை டு ஆல்' அழுத்தினால் பழைய தோற்றம் வந்துவிடும். ரைட்டருக்கு (எழுத்து ஆவணச் செயலி) மட்டும் மாற்றினால் கால்க் (விரிதாள் செயலி) அப்படியே இருக்கும். பலர் குழம்புவது இங்கேதான்.

டேப்டு தோற்றத்தில் மெனு வரிசை மறைந்திருக்கும், அழிந்துவிடாது. டேப் வரிசையின் ஓரத்திலுள்ள சின்ன பட்டனை அழுத்தினால் மீண்டும் தெரியும்.

"ஃபைல்கள் கெட்டுவிடும்" என்பதும் வீண் பயம். இந்தத் தேர்வு உங்கள் யூசர் புரொஃபைலில் (உங்கள் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) பதிவாகிறதே தவிர ஆவணத்தில் அல்ல.

வரவிருக்கும் பதிப்பை முன்கூட்டியே பார்க்க ஆசையா? ஆல்ஃபா, பீட்டா எனப்படும் தொடக்கக்கட்ட சோதனைப் பதிப்புகள் லிப்ரே ஆபீஸ் டெவ் என்ற பெயரில், தனி புரொஃபைலுடன், பழையதற்குப் பக்கத்திலேயே நிறுவப்படும். ஆர்சி எனப்படும் இறுதிக்கட்ட சோதனைப் பதிப்பு அப்படியல்ல. இருப்பதை நீக்கிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். அலுவலகக் கணினியில் அதைப் போட வேண்டாம். எதுவானாலும் ஃபைல்களின் நகலில் மட்டும் சோதித்துப் பாருங்கள்.