ஜிஐஎஸ் பயிற்சி: மென்பொருள் மட்டும் போதாது

ஜிஐஎஸ் என்பது இடங்களைப் பற்றிய தரவுகளைக் கணினியில் வரைபடமாக்கி ஆராயும் புவியியல் தகவல் முறைமை. ‘ஆர்க்ஜிஐஎஸ் என்ற கட்டண ஜிஐஎஸ் மென்பொருளின் உரிமம் உள்ள நிலையத்தில் பணம் கட்டி, மூன்று மாதம் மென்பொருள் பழகினாலே டிஜிட்டல் வரைபடத் துறையில் வேலை உறுதி’ என்று ஒரு பதிவு சொல்கிறது. கடன் வாங்கிச் சேர நினைக்கும் மாணவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் திருத்த வேண்டியிருக்கிறது.

முதலில், உரிமம் கட்டாயமில்லை. 2002-இல் தொடங்கப்பட்ட கியூஜிஐஎஸ், இதே வகையைச் சேர்ந்த திறந்த மூல மென்பொருள். சாதாரண மடிக்கணினியிலேயே இலவசமாக நிறுவலாம். டேராடூனில் 1966 முதல் இயங்கிவரும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம், இணையவழி அடிப்படைப் பயிற்சிகளைக் கட்டணமின்றி நடத்துகிறது.

அதைவிட முக்கியமானது, எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைக் கற்பதற்கும் வரைபடத்தைப் புரிந்துகொள்வதற்கும் உள்ள தூரம். ஓர் ஏரியின் எல்லையை வரைந்து பரப்பைக் கணக்கிடுவதாக வைத்துக்கொள்வோம். அந்த எல்லையைக் கொண்ட தரவு அடுக்கு அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளில் இருக்கும்போது அதைத் தட்டையான தளமாகக் கொண்டு கணக்கிட்டால், வரும் எண் சதுரப் பாகையே தவிர ஹெக்டேர் அல்ல. உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறைக்கு மாற்றலாம் என்றாலும், 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை தமிழ்நாட்டின் ஊடாகச் செல்வதால் கோயம்புத்தூர் 43-ஆம் மண்டலத்திலும் மதுரை 44-ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. இதைக் கவனிக்காமல் இரு மாவட்டத் தரவுகளை இணைப்பவர்கள் பலர். மென்பொருள் எச்சரிக்காமலே தவறான விடையைத் தந்துவிடும், அதைக் கண்டுபிடிக்கும் கண்தான் பயிற்சியில் வர வேண்டும்.

பைத்தான் என்ற நிரல் மொழி, தரவுத்தளங்களைக் கையாளும் எஸ்கியூஎல் மொழி இரண்டையும் உடன் கற்பது நல்லது. பணம் கட்டுமுன், பாகை, யூடிஎம் போன்ற ஆயத்தொலை முறைகளுக்கும் களத்தில் ஜிபிஎஸ் கொண்டு தரவு சேகரிப்பதற்கும் எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள் என்று அந்த நிலையத்திடம் கேளுங்கள்.