காப்பர் பாட்டிலும் ஜிங்க் மாத்திரையும்

புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் பாத்திரக் கடைகளில் இப்போதெல்லாம் முன்னால் நிற்பது காப்பர் பாட்டில்தான். "ராத்திரி தண்ணி ஊத்தி வச்சு காலையில குடிங்கண்ணா, இம்யூனிட்டி ஏறும்" என்று கடைத் தம்பியும் சொல்கிறார், குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பாவும் சொல்கிறார். இதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு.

நோய் எதிர்ப்புக்குத் தாமிரம் தேவை என்பது நிஜம். கிருமியை விழுங்கும் அணுக்கள், விழுங்கிய கிருமி அடைபட்டிருக்கும் பைக்குள் தாமிரத்தைப் பாய்ச்சிக் கொல்கின்றன. உடம்பில் தாமிரம் ரொம்பக் குறைந்தால் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் சரியும். ரத்தசோகையும் கூடவே வரும், இரும்பை உடல் கையாளவும் தாமிரம் வேண்டுமே! ஆனால் பெரியவர்களுக்கு அமெரிக்கப் பரிந்துரையே நாளைக்கு 0.9 மில்லிகிராம்தான்.

பெங்களூரில் செய்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், கிருமி கலந்த தண்ணீரைத் தாமிரப் பானையில் 16 மணி நேரம் வைத்தார்கள். காலராக் கிருமி உட்பட எதுவும் மிஞ்சவில்லை. நல்ல விஷயம். ஆனால் செத்தது தண்ணீரில் இருந்த கிருமி. அந்தத் தண்ணீரில் கரைந்த தாமிரம் லிட்டருக்குச் சுமார் 0.18 மில்லிகிராம். ஒரு கைப்பிடி பண்ருட்டி முந்திரியில், 28 கிராம் என்று வையுங்கள், சுமார் 0.6 மில்லிகிராம் இருக்கிறது. எள்ளுருண்டை, கொண்டைக்கடலை, ஆட்டு ஈரல், கடலூர் முதுநகரில் வாங்கும் நண்டு, கடம்பா (கணவாய்) எல்லாவற்றிலும் உண்டு. ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்குத் தாமிரக் குறைபாடு வருவது அபூர்வம்.

(பாட்டிலில் எலுமிச்சை பிழிந்து எடுத்துக்கொண்டு பீச் ரோட்டில் நடப்பவர்களைப் பார்த்தால்தான் பகீர் என்கிறது. புளிப்பு பட்டால் தாமிரம் தாறுமாறாகக் கரையும், குமட்டலும் வாந்தியும் வரும். அதற்காகத்தானே அந்தக் காலத்தில் பாத்திரத்துக்கு உள்ளே வெள்ளீயம் பூசினார்கள்.)

என் கவலை பாட்டில் இல்லை, ஜிங்க் மாத்திரை. கொரோனா சமயத்தில் ஆரம்பித்ததை இன்னும் பலர் விடவில்லை. பல மாத்திரைகளில் 50 மில்லிகிராம் ஜிங்க். பெரியவர்களுக்கு நாளுக்கு உச்ச வரம்பு 40. ஜிங்க் அதிகமானால் குடல் செல்களில் மெட்டலோதயோனீன் என்ற புரதம் பெருகும். அது ஜிங்கைவிடத் தாமிரத்தைத்தான் இறுகப் பிடிக்கும். சில நாளில் அந்தச் செல்கள் உதிரும், தாமிரமும் மலத்தோடு போய்விடும். மாதக்கணக்கில் இப்படியே போனால், எதிர்ப்புச் சக்திக்கென்று விழுங்கிய மாத்திரையே வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். கால் மரத்து நடை தடுமாறவும் செய்யலாம், அது முழுசாகச் சரியாகாமலும் போகலாம். பார்க்கிறவர்களுக்கு பி12 குறைபாடு போலவே தெரியும்.

ஆகவே இரும்பு மாத்திரைக்கு மசியாத ரத்தசோகையும் குறைந்த வெள்ளை அணுக்களும் சேர்ந்திருந்தால், நீங்கள் விழுங்கும் ஜிங்க் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உடல் எடைக் குறைப்புக்காக இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களும் தாமிர அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

அப்புறம், வில்சன் நோய் உள்ளவர்களுக்குக் காப்பர் பாட்டிலைப் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள். அவர்களுக்குக் கல்லீரலில் தாமிரம் சேர்ந்துகொண்டே போகும். அதைத் தடுக்க டாக்டர்கள் கொடுக்கிற மருந்துகளில் ஒன்று, இதே ஜிங்க்தான்.