டெர்பி பற்றி ஒரு திருத்தம்

கல்முனை அண்ணன், இங்கிலாந்தின் எப்சமில் நடக்கும் டெர்பிதான் உலகின் முதல் குதிரைப் பந்தயம், 1780இலிருந்து அதே பாதையில் இடம்மாறாமல் நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் பந்தயம் கட்டும் புக்கிக் கடையிலும் இந்தக் கதை கேட்டிருக்கிறேன். இரண்டுமே சரியில்லை. இங்கிலாந்திலேயே செயின்ட் லெஜர் பந்தயம் 1776இலும் ஓக்ஸ் பந்தயம் 1779இலும் தொடங்கிவிட்டன.

முதல் டெர்பி ஒரு மைல்தான். ஒன்றரை மைல் ஆனதும், டிவியில் எல்லோரும் வாய்பிளந்து பார்க்கிற டட்டன்ஹாம் வளைவு சேர்ந்ததும் 1784இல்தான். அப்புறம், இரண்டு உலகப் போர்களின்போதும் பந்தயம் நியூமார்க்கெட் என்ற வேறொரு ஊருக்குப் போனது.

டெர்பி பிரபுவும் சர் சார்ல்ஸ் பன்பரியும் நாணயம் சுண்டிப் பந்தயத்துக்குப் பெயர் வைத்தார்கள் என்பது வெறும் செவிவழிக் கதை. ஆனால் நாணயம் சுண்டியதில் தோற்றதாகச் சொல்லப்படும் பன்பரியின் டயோமெட் குதிரைதான் முதல் பந்தயத்தை வென்றது. அது பதிவில் உள்ளது.