கொடுத்து வைத்தவள்

செல்வி: ஏங்க, ஃப்ரீசரில் எல்லா டப்பாவிலும் ஒரே தேதி இருக்கிறதே?

முருகேசன்: பார்த்துவிட்டாயா! மூன்று மணி நேர வேலை. ஒவ்வொன்றுக்கும் லேபிள், பெயர், தேதி. யூடியூபில் அப்படித்தான் சொன்னார்கள்.

செல்வி: உள்ளே வைத்த தேதியைப் போடச் சொல்லியிருப்பார்கள். பொங்கலுக்கு உரித்த மொச்சையும் நேற்று வாங்கிய மீனும் ஒரே நாளில் பிறந்தவையா?

முருகேசன்: வைத்த தேதி எனக்கு எப்படித் தெரியும்?

செல்வி: அதுவும் சரி. எங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும்கூட ஒரே பிறந்த தேதிதான், பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் புண்ணியத்தில்.

முருகேசன்: குறை சொல்லாதே. நம் குடும்ப குரூப்பில் படம் போட்டேன். அத்தை என்ன எழுதினார் தெரியுமா? 'செல்வி கொடுத்து வைத்தவள்.'

செல்வி: மீன்காரருக்குக் காசு கொடுத்தேன், வாங்கி வந்து வைத்தேன். அந்தக் கணக்கில் சரிதான். இதென்ன, 'புதினாச் சட்னி'?

முருகேசன்: பச்சையாக இருந்தது. எழுதினேன்.

செல்வி: மருதாணி. பாப்பாவுக்கு அரைத்து வைத்தது.

முருகேசன்: கொஞ்சம் தைல வாசனை வந்தது. நல்ல புதினா போல என்று…

செல்வி: அந்த விரல் ஏன் சிவந்திருக்கிறது?

முருகேசன்: தொட்டு ருசி பார்த்தேன்.

செல்வி: நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. பெண்டாட்டி மேல் ஆசை அதிகம் என்பார்கள். அதையும் படம் பிடித்துப் போடுங்கள். அது கிடக்கட்டும், அந்த மூன்று மணி நேரமும் இதெல்லாம் எங்கே இருந்தது?

முருகேசன்: மேடை மேல். ஐஸ் உருக வேண்டாமா? கத்தியால் குத்தினால் குழாயில் ஓட்டை விழுந்து கேஸ் போய்விடும். அதனால் டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தேன்.

செல்வி: மீனும் பொறுமையாகக் காத்திருந்ததா?

முருகேசன்: மைனஸ் 18 டிகிரியில் எதுவும் கெடாது, செல்வி.

செல்வி: அது ஃப்ரீசருக்குள். மேடை மேல் சித்திரை வெயில். உருகினதை மறுபடி உறைய வைக்கக் கூடாது என்று உங்கள் யூடியூபில் சொல்லவில்லையா?

முருகேசன்: அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

செல்வி: ஒரு கிலோ வஞ்சிரம்! நாற்றம் இங்கே வரைக்கும் வருகிறது. தெருப் பூனை கொடுத்து வைத்தது.

முருகேசன்: மீதியெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது?

செல்வி: மொச்சை, பட்டாணி, துருவிய தேங்காய் எல்லாம் தண்ணீர் விட்டுவிட்டது. இன்றைக்கே சமைத்தாக வேண்டும். மூன்று மணி நேரம் நீங்கள் அடுக்கியதை நான் ராத்திரி வரை கிளற வேண்டும். தினமும் மூன்று வேளை இங்கே அடுப்பு எரிகிறது. அதை யாரும் படம் பிடித்துப் போட்டதில்லை. போட்டாலும் அத்தை, 'சாம்பாரில் முருங்கைக்காய் கம்மி' என்றுதான் எழுதுவார்.

(எப்போதாவது அடுக்களைக்குள் போகிறவர்கள்தான் படம் பிடிக்கிறார்கள் என்பதை எங்கள் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். பிடித்தது நான்தான். முப்பத்திரண்டு லைக் வந்தது.)

முருகேசன்: சரி, கோபப்படாதே. இனிமேல் தினமும் உனக்கு உதவி செய்கிறேன்.

செல்வி: உதவியா?

முருகேசன்: ஆமாம், காய் நறுக்குவது, பாத்திரம் எடுத்து வைப்பது…

செல்வி: அப்படியென்றால் சாப்பிடுவதிலும் எனக்கு உதவி மட்டும் செய்யுங்கள்.

முருகேசன்: விடு. இன்றைக்கு நானே சமைக்கிறேன். மொச்சைக் குழம்பு. நீ போய் உட்கார்.

செல்வி: உட்கார்ந்துவிட்டேன்.

முருகேசன்: புளி எங்கே இருக்கிறது?

செல்வி: கல்யாணமாகிப் பதினொரு வருடம்.

முருகேசன்: அதில்லை, எந்த டப்பா?

செல்வி: ஹார்லிக்ஸ் என்று எழுதியிருக்கும்.

முருகேசன்: உப்பு?

செல்வி: காபித்தூள் டப்பா.

முருகேசன்: அப்போது காபித்தூள்?

செல்வி: ஃப்ரீசரில் இருந்தது. என்ன பெயர் எழுதினீர்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.