ரீமிக்ஸ் செய்தவரின் பெயரையும் போடுங்கள்

"பழைய பாட்டுக்கு அடியில ஒரு பீட் போட்டுட்டான், இதுல என்ன பெரிய வேலை?" ரீமிக்ஸ் செய்பவர்களைப் பற்றி இப்படிப் பேசுவதைப் புதுச்சேரியில் அடிக்கடி கேட்கிறேன். கல்யாண வரவேற்பில் அதே ரீமிக்ஸ் வந்தால் முதலில் எழுந்து ஆடுவதும் இவர்கள்தான். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம்.

அந்த வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பழைய பாட்டுகள் ஆட்கள் கூடி உட்கார்ந்து வாசித்தவை. பல்லவியில் ஒரு வேகம் இருக்கும், சரணத்தில் கொஞ்சம் இழுக்கும். கிளப்பில் ஓடும் ஹவுஸ் என்னும் எலக்ட்ரானிக் நடன இசையோ நிமிடத்துக்கு 120 சொச்சம் பீட் என்று இம்மி பிசகாமல் போகும். குரலைத் தனியாகப் பிரித்து, வரிவரியாக அந்த வேகத்தில் உட்கார வைக்க வேண்டும். நம்ம குத்துப் பாட்டுகளில் நிறைய சிக்ஸ்-எய்ட்டில், அதாவது ஆறு ஆறாக எண்ணும் தாளத்தில் நடப்பவை. அதற்கடியில் நாலு நாலாக விழும் கிக் டிரம் அடியை அப்படியே போட்டால் பாட்டு நொண்டும். எங்கே இழுப்பது, எங்கே வெட்டுவது, எந்த இடத்தில் தாளத்தையே நிறுத்திக் கூட்டத்தைக் காக்க வைப்பது என்பதெல்லாம் காதும் பொறுமையும் உள்ளவர்களுக்கே வரும். அப்புறம், டிஜே அடுத்த பாட்டோடு இணைக்க வசதியாக முன்னும் பின்னும் வெறும் தாளம் விட வேண்டும்.

இதற்கு ஐம்பது வருட வரலாறும் உண்டு. 1970களில் நியூயார்க்கில் டாம் மோல்டன் மூன்று நிமிடப் பாட்டுகளை ஆடுகிறவர்களுக்காக நீட்டினார். ஒருநாள் பாட்டைப் பதிக்கும் 7 அங்குல வெற்று இசைத்தட்டு தீர்ந்துபோய், பெரிய தட்டில் வெட்டிப் பார்த்தார்கள். ஒலி பதியும் பள்ளங்களுக்கு இடம் அதிகம் கிடைத்ததால் சத்தம் ஓங்கி வந்தது. 12 அங்குல சிங்கிள் வந்தது அப்படித்தான். சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் டிஜேவாக இருந்த ஃபிராங்கி நக்கிள்ஸுக்கு 1998இல் கிராமி கொடுத்தார்கள். சிறந்த ரீமிக்ஸருக்கான அந்த விருது முதன்முதலில் வழங்கப்பட்டது அப்போதுதான். 2002இல் அதை ஒரு தனி ரீமிக்ஸுக்கான விருதாக மாற்றிவிட்டார்கள். ஆளைக் கௌரவித்த பழைய முறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

நம் நாட்டில் சரண்ஜித் சிங், இந்திப் படங்களுக்கு வாசித்தவர், 1982இலேயே ரோலண்ட் 808 டிரம் மெஷின், 303 பேஸ் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவிகளில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துத் தட்டு போட்டார். 2010இல் வெளிநாட்டில் மறுபதிப்பு வந்த பிறகே உலகம் அவரைத் தேடி வந்தது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ரீமிக்ஸ் செய்பவருக்குப் பெரும்பாலும் ஒரே தடவை ஒரு தொகை, அதோடு சரி. 2012 பதிப்புரிமைத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்தது. அது மிகவும் நியாயம். அவர்களிடம் அனுமதி வாங்குவதும் அவர்கள் பெயரைப் போடுவதும் ரீமிக்ஸ் செய்பவரின் கடமை. ஆனால் இவருடைய உழைப்பு? ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு. கடலூரில் பகலில் கடை வேலைக்குப் போய்விட்டு ராத்திரியில் லேப்டாப்பில் உட்காரும் பையனுக்கு ஒப்பந்தம் யார் தருவார்கள்?

அதனால் குறைந்தபட்சம் பெயர். கடற்கரைச் சாலைப் பக்கம் பார் நடத்துகிறவர்கள், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் பாக்ஸ் கட்டுகிறவர்கள், ரீல்ஸ் போடுகிறவர்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். பாடகர், இசையமைப்பாளர் பெயருக்குக் கீழே இன்னொரு வரி எழுதுங்கள். போன வாரம் நீங்கள் ஆடிய ரீமிக்ஸ் யாருடையது என்று தெரிந்தால் இங்கேயே சொல்லுங்கள், பாண்டி, கடலூர்ப் பிள்ளைகளின் பெயர்களை முதலில் பகிர்கிறேன்.