ஒரு லட்சம் கையெழுத்தும் ஹேக் நீதிமன்றமும்: ஒரு திருத்தம்

வணக்கம் தம்பி. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் கையெழுத்து வாங்குவது பற்றிய உங்கள் பதிவில், ஒரு லட்சம் கையெழுத்து சேர்ந்தால் 2009 இறுதிப் போருக்காக, ஹேக் நகரில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இலங்கை மீது வழக்கு நடத்தியே ஆக வேண்டும் என்று இருக்கிறது. நம் மாவட்ட அகதி முகாம்களில் இருப்பவர்கள் இதை நம்பிக் காத்திருக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அப்படி ஒரு விதி இல்லை. அந்த நீதிமன்றம் விசாரிப்பது தனிமனிதர்களை, நாடுகளை அல்ல. அதை உருவாக்கிய ரோம் உடன்படிக்கையில் இலங்கை சேரவும் இல்லை. சேராத நாட்டு மண்ணில் அந்நாட்டவரே செய்த குற்றம் என்றால், ஒன்று அந்த நாடே ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லை ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்ப வேண்டும். 2005-இல் சூடானின் டார்ஃபூர், 2011-இல் லிபியா விவகாரங்கள் அப்படித்தான் போயின. மியான்மரும் சேராத நாடுதானே என்று கேட்கலாம். ரோஹிங்கியா மக்கள் விரட்டப்பட்டு வந்து சேர்ந்த வங்கதேசம் உறுப்பு நாடு. குற்றத்தின் ஒரு பகுதி உறுப்பு நாட்டு மண்ணில் நடந்தது என்ற அந்தப் பிடியை வைத்துத்தான் 2019-இல் நீதிபதிகள் விசாரணைக்கு அனுமதி தந்தார்கள்.

சரிபார்ப்பது எளிது. நீதிமன்றத்தின் இணையதளத்தில் உறுப்பு நாடுகளின் பட்டியலைத் திறந்து ஆசிய-பசிபிக் பகுதியைப் பாருங்கள். வங்கதேசமும் மாலத்தீவும் இருக்கும், இலங்கை இருக்காது. அப்புறம் உடன்படிக்கையின் 12, 13-ஆம் பிரிவுகளைப் படியுங்கள், இரண்டும் சின்னவைதான். கையெழுத்து எண்ணிக்கை பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

இயக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை தம்பி. பதிவில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடுங்கள்.